சல்லிக் கரைக்கு எத்தனை வோல்ற்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான். "ஐயா, இந்த அம்பிளிபயருக்கு எத்தனை வோல்ற் குடுக்கலாம்?" கையில் ஒரு படம் இருக்கும். படத்தில் ஓர் எண் போட்டிருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சத்தம் கூடுமா என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்க நினைப்பது. கூடும். கூட்டினால் வேறு என்ன நடக்கும் என்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை தொழில்காரர் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஓய்வு எடுத்து வீட்டில் இருக்கிறவனுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சின்னப் பிழையில் தொடங்குகிறேன். தொழிலுக்கு வந்த முதல் வருடம், இருபத்து நான்கு வோல்ற் என்று எழுதியிருந்த ட்ரான்ஸ்போமரை வாங்கி, இருபத்து நான்குதானே வரும் என்று நம்பி, முப்பதுக்குமேல் தாங்காத ஒரு சின்ன அம்பிளிபயரில் பூட்டினேன். ட்ரான்ஸ்போமரில் எழுதியிருப்பது ஏசி. அதை டிசியாக மாற்றிக் கொண்டென்சரில் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். முப்பத்து நான்கு வந்தது. புகையும் வந்தது. அம்பிளிபயரின் சொந்தக்காரர் நல்ல மனிதர், திட்டவில்லை. இந்தப் பிழையை நீங்கள் எல்லோரும் ஒருமுறை செய்வீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது கணக்குத் தெரிந்த பிறகு செய்த பிழை.

அது யுத்த காலம். தொண்ணூறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை டவுனில் என் கடை, வீடு பாலையூற்றில். டவுனுக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கமாகப் போனால் சல்லி. கடலை நம்பி இருக்கிற சனம். அந்த நாட்களில் நினைத்த நேரம் கடலுக்குப் போக ஏலாது. காலையில் இத்தனை மணிக்குக் கடல் திறக்கும், இத்தனை மணிக்கு மூடும் என்று கரையில் இருந்த கடற்படைக் காவலரணில் சொல்வார்கள். அதுவும் நிலையில்லை. இடையில் செய்தி வந்தால் ஒரு மணித்தியாலம் தருவார்கள், அதற்குள் எல்லா வள்ளங்களும் கரையில் இருக்க வேண்டும். நேரம் கடந்து கடலில் நிற்கிற வள்ளத்தை நல்ல வள்ளமா கெட்ட வள்ளமா என்று ரோந்துப் படகு தூரத்தில் நின்று விசாரிக்காது.

கடலில் நிற்பவனுக்கு எப்படிச் செய்தி சொல்வது? கொடி காட்டக் கூடாது. புகை போடக் கூடாது. யாருக்கு என்ன சைகை காட்டுகிறாய் என்று கேள்வி வரும். ஒரு வழிதான் இருந்தது. எல்லோருக்கும் விளங்கக்கூடிய மாதிரி, வாயால், சத்தமாக, தமிழிலும் சிங்களத்திலும் சொல்வது. அதற்குத்தான் மீனவர் சங்கம் என்னிடம் வந்தது. குடாவில் கடைசியில் நிற்கிற வள்ளத்துக்கும் கேட்கிற மாதிரி ஓர் அம்பிளிபயர் செய்து தர வேண்டும், இரண்டு குழாய் ஸ்பீக்கர் தங்களிடம் இருக்கிறது என்றார்கள்.

மைக் பிடிக்கிறவள் புவனேஸ்வரி. சங்கக் கொட்டிலில் எழுத்து வேலை பார்த்தவள், சிங்களமும் நன்றாகக் கதைப்பாள். ஆம்பிளைகளின் தடித்த குரல் அலைச் சத்தத்தோடு கலந்து போய்விடும். அவளுடைய குரல் மெலிசு, ஆனால் தண்ணீருக்கு மேலால் நேரே போகும். அவளுடைய புருஷன் தவராசாவும் கடலுக்குப் போகிறவன். ஆகவே அந்த மைக் அவளுக்கு வெறும் வேலை இல்லை.

நான் நல்ல பெட்டியாகத்தான் செய்தேன். அறுபது வோல்ற்றில் ஓடுவது. கடையில் வைத்துப் போட்டபோது தெரு முனையில் நின்றவன் காதைப் பொத்தினான். அதைச் சல்லிக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். புவனேஸ்வரி கதைத்தாள், கேட்டது, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் சங்கத் தலைவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "கடையில கேட்ட மாதிரி இல்லையே தம்பி" என்றார்.

மீற்றரை எடுத்துப் பார்த்தேன். சுவரில் இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எண்பது. லைனின் வால் முனையில் இருக்கிற ஊர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுவரில் குறைந்தால் பெட்டிக்குள்ளும் குறையும். அறுபது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாற்பத்தேழு வோல்ற்றில் அந்தப் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. கடைசி வள்ளத்துக்குக் கேட்குமா என்று ஒருவனைத் தோணியில் அனுப்பிப் பார்த்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை. தலைவர் சொன்ன ஒரு சொல்லில் எனக்கு மூக்கு உடைந்துவிட்டது, அவ்வளவுதான். டவுனில் என் பெட்டியைப் பற்றி ஆட்கள் கதைக்கிற கதை என்ன, இங்கே இந்த மனிதர் தலையைச் சரிக்கிறார்! "பத்து நாள் தாங்கோ ஐயா, திருத்தித் தாறன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளில் மூன்று முறை சல்லிக்குப் போய் வோல்ற்றேஜ் பார்த்தேன். காலையில் ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், பொழுதுபடும் நேரம் ஒருக்கால். நூற்று எழுபத்தெட்டு, நூற்று எண்பத்து மூன்று, நூற்று எண்பது. எவ்வளவு கவனமான ஆள் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ட்ரான்ஸ்போமரை அவிழ்த்து, நூற்று எண்பதில் அறுபது வருகிற மாதிரிச் சுற்றுக் கூட்டிச் சுற்றினேன். அந்தச் சுவரில் என்றைக்காவது இருநூற்று முப்பது வந்தால் உள்ளே எழுபத்தேழு வரும், என் ட்ரான்சிஸ்டரும் கொண்டென்சரும் எழுபதைத் தாண்டித் தாங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். 'இந்த லைனில் இருநூற்று முப்பதா, கனவிலதான்' என்று எனக்கு நானே பகிடியும் விட்டுக்கொண்டேன். மூன்று முறை அளந்தவன் ஒருமுறையாவது ஏன் இது குறைகிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். அலறியது. தலைவர் என் முதுகில் தட்டினார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சல்லிப் பெட்டி என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. நிலாவெளியில் இருந்துகூட ஆட்கள் வந்து அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

பிறகு ஏதோ பிரச்சினையில் கடலை இரண்டு கிழமைக்கு முழுதாக மூடிவிட்டார்கள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. இரண்டு கிழமை முடிகிற நாள் மத்தியானம் புவனேஸ்வரி என் கடைக்கு வந்தாள். மைக்கின் வயர் விட்டுவிட்டது, ஒட்டித் தர வேண்டும். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"நாளைக்குக் கடல் திறக்குது அண்ணை, இண்டைக்கே வேணும்" என்றாள். நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, "எங்கட ஊரில இப்ப லைற் எல்லாம் வெள்ளையா எரியுது. ரெண்டு பல்ப் போயிட்டுது. ஃபானும் பிச்சுக்கொண்டு சுத்துது" என்றாள்.

"நல்லதுதானே. லைனைத் திருத்தியிருப்பாங்கள்."

"பெட்டிக்கு ஒண்டும் செய்யாதோ?"

"அது ஒண்டும் செய்யாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ தங்கச்சி."

மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த ஆளின் றேடியோவைத் திறந்தேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். பல்ப் வெள்ளையாக எரிந்தால் வோல்ற்றேஜ் ஏறிவிட்டது, ஏறினால் என் பெட்டி போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். ஏன் யோசிக்கவில்லை? கடையில் ஆட்கள் நின்றார்கள் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. கேட்டது ஒரு பொம்பிளை, மைக் பிடிக்கிறவள், அவளுக்கு வோல்ற்றேஜைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு மீதிப் பாதி. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் கடைக் கதவின் பூட்டில் திறப்பைப் போட்டபோதுதான் உறைத்தது.  கதவைத் திறக்காமலே பஸ்ஸுக்கு ஓடத் திரும்பினேன், மீற்றரும் ஒரு சோடி ட்ரான்சிஸ்டரும் ஒட்டுகிற கோலும் வேண்டும் என்று ஞாபகம் வர, கதவைத் திறந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கடையில் அந்த வகை ட்ரான்சிஸ்டர் ஒரு சோடிதான் இருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் மீற்றரைப் பார்த்துவிட்டுப் பையைத் தனியாக வைத்தார்கள். இது என்ன, எதற்கு, யாருக்கு. ஒரு மணித்தியாலம் போனது. 

சல்லியில் நான் இறங்கியபோது பத்து மணி. மணல் ஒழுங்கையில் பாதி தூரம் நடந்திருப்பேன். இரண்டு குழாயிலும் இருந்து டம் என்று ஒரு சத்தம். காகங்கள் எழும்பிப் பறந்தன. எனக்கு அது என்ன சத்தம் என்று சொல்லித் தரத் தேவையில்லை. ட்ரான்சிஸ்டர் உடைந்து, உள்ளே நிரம்பியிருந்த எல்லாவற்றையும் ஒரே அடியில் ஸ்பீக்கரில் கொட்டுகிற சத்தம் அது. ஊரில் மற்ற எல்லோருக்கும் அது வெடிச் சத்தம்.

கொட்டிலுக்கு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது காவலரணில் இருந்த இரண்டு பேர் துவக்கோடு அங்கே நின்றார்கள். எல்லோரையும் மணலில் இருத்தியிருந்தார்கள். புவனேஸ்வரி மைக்கைக் கையில் பிடித்தபடி, அழாமல், சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். பெட்டியில் இருந்து புகை வந்துகொண்டிருந்ததால் அவர்கள் நம்பினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

என்னைக் கண்டதும் அவள் நேரே வந்தாள். "அண்ணை, பதினொரு மணிக்குக் கடல் மூடுது. இப்பதான் சொன்னவங்கள். போட்டவுடன இது வெடிச்சிட்டுது. இருபத்தாறு வள்ளம் வெளியில நிக்குது. இவரும் வெளியில."

"வேற வள்ளத்தில ஆள் போய்ச் சொல்ல ஏலாதோ?"

"இனி ஒரு வள்ளமும் இறக்க விடமாட்டினம். கோயில் மணியை அடிச்சாலும் விளங்காது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பூசை எண்டுதான் நினைப்பினம்."

சுவரில் மீற்றரை வைத்தேன். இருநூற்று நாற்பத்து மூன்று. எட்டு மாதத்துக்கு முதல் நான் அளந்தபோது நூற்று எண்பது இருந்த சுவர். எப்படி என்று நான் வாய்விட்டுத்தான் கேட்டேன். மணலில் இருந்து எழும்பிக்கொண்டிருந்த ஒரு மனிதர், "ஐஸ் ஃபக்டரி ஓடேல்லைத்தானே" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

அதே லைனில், சாம்பல்தீவுப் பக்கமாக, மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஃபக்டரி ஒன்று இருந்தது. அதன் மோட்டர்தான் இரவு பகலாக லைனை இழுத்து நூற்று எண்பதுக்கு இறக்கியிருந்தது. கடல் மூடினால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் ஐஸ் இல்லை. இரண்டு கிழமையாக மோட்டர் ஓடவில்லை, வோல்ற்றேஜ் தன் பாட்டில் ஏறி நின்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மீற்றர் வைத்திருந்த எனக்கு மட்டும் தெரியாது. கடல் ஒழுங்காகத் திறந்திருக்கிற நாட்களில் மட்டும் வேலை செய்கிற பெட்டியை நான் செய்து கொடுத்திருந்தேன். கடலை மூடித் திறக்கிற நாளில்தான் அந்தப் பெட்டி அவர்களுக்கு அவசியமாகத் தேவை.

பத்து எட்டு ஆகிவிட்டது. என் பையில் ஒரு சோடி ட்ரான்சிஸ்டர். மாற்ற ஐந்து நிமிடம் போதும், இரண்டு இரண்டு திருகாணிதான். மாற்றிவிட்டு அதே சுவரில் குத்தினால் என்ன என்று யோசித்தேன். இரண்டு வசனம் சொல்லும்வரை தாங்கினால் போதும். உங்களில் பலர் அதைத்தான் செய்வீர்கள், எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தாங்காவிட்டால் கையில் வேறு ஒன்றுமே இல்லை. இருபத்தாறு வள்ளத்தை வைத்து அதிர்ஷ்டம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒருவர், இடையில் ஒரு பெரிய பல்பைப் பூட்டினால் வோல்ற்றேஜ் இறங்கும் என்றார். இறங்கும், அவள் கதைக்கிற நேரம் இறங்கும். அவள் மூச்சு விட வாயை மூடினால் திரும்ப ஏறிப் பெட்டியை உடைக்கும். அதையும் விட்டேன்.

பிறகுதான் பற்றரி ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வோல்ற் பற்றரி ஐந்தை ஒன்றோடு ஒன்று கோத்தால் அறுபது. ட்ரான்ஸ்போமரும் வேண்டாம், வெடித்த கொண்டென்சரும் வேண்டாம், ஐஸ் ஃபக்டரியும் வேண்டாம்.

"ஊரில என்னென்ன வாகனம் இருக்கு?" என்று கத்தினேன். தலைவரின் வான், இரண்டு உழவு இயந்திரம், மீன் ஏற்றுகிற லொறி, கோயிலடியில் ஒரு பழைய கார். "அஞ்சின்ர பற்றரியையும் கழட்டிக்கொண்டு வாங்கோ. ஓடுங்கோ! நடக்காதேங்கோ, ஓடுங்கோ!"

கரை முழுக்கச் சனம் ஓடியது. ஆம்பிளைகளும் ஓடினார்கள், பொம்பிளைகளும் ஓடினார்கள். காவலரண்காரர் திரும்ப எழும்பி நின்றார்கள், புவனேஸ்வரி கையைக் காட்டி அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். நான் முழங்காலில் நின்று ட்ரான்சிஸ்டரை மாற்றினேன்.  ஒரு திருகாணி மணலில் விழுந்து மூன்று நிமிடம் தேடினேன். கடைசியில் மூன்று திருகாணியோடு விட்டுவிட்டேன். உள்ளே கொண்டென்சரைத் தவிர மற்றவை தப்பியிருந்தன, அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. இரண்டு குழாயில் ஒன்று செத்திருந்தது.

பத்து முப்பதுக்கு மூன்று பற்றரி வந்து சேர்ந்தன. நான்காவது காரின் பற்றரி, அதன் பூட்டுக் கறள் பிடித்துக் கழற்ற ஏலாமல் இருக்கிறது என்றார்கள். ஐந்தாவதைப் பற்றிச் செய்தியே இல்லை. மூன்று என்றால் முப்பத்தாறு வோல்ற். படத்தில் அறுபது போட்டிருக்கிறது. இப்படியான நேரத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். குறைந்தால் சத்தம் குறையும், கூடினால் பெட்டி போகும். குறைவதை எப்போதும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றையும் கோத்து வயரைத் தொட்டேன். குழாயில் மெதுவாக ஓர் இரைச்சல் எழும்பியது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

"கதையுங்கோ" என்றேன்.

அவள் கதைத்தாள். கடல் பதினொரு மணிக்கு மூடப்படுகிறது, எல்லா வள்ளங்களும் உடனே கரைக்கு வரவும். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை. திரும்பவும். நாலாவது முறையில் முதல் வள்ளத்தின் முகப்புத் திரும்பியது. பிறகு ஒன்று, பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. கரையில் நின்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

கார்ப் பற்றரி அப்போதுதான் வந்தது. அதையும் கோத்தால் நாற்பத்தெட்டு, சத்தம் கூடும். நான் குனிந்து வயரைக் கழற்றப் போனேன். புவனேஸ்வரி காலால் என் கையைத் தடுத்தாள். மைக்கைப் பொத்திக்கொண்டு, "விடுங்கோ அண்ணை. கேட்குது. வாறாங்கள். இதை நிப்பாட்டாதேங்கோ" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நான் அறுபது வேண்டும் என்று சுற்றிச் சுற்றித் திருத்திய பெட்டி, முப்பத்தாறில், ஒற்றைக் குழாயில், குடா முழுக்கக் கேட்டது. காது வோல்ற்றை எண்ணுவதில்லை. நாற்பத்தேழில் தலைவர் தலையைச் சரித்த அன்றைக்கே நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு இருபத்தைந்து வள்ளம் கரையில் நின்றது. தவராசாவின் வள்ளம் இல்லை.

காவலரணில் இருந்து ஒருவர் வந்து மணிக்கூட்டைக் காட்டினார். புவனேஸ்வரி மைக்கை வைக்கவில்லை. எழுதி வைத்திருந்த வசனத்தை விட்டுவிட்டு, "தவராசா" என்று கூப்பிட்டாள். எங்கள் ஊர்களில் ஒருத்தி புருஷனின் பெயரை ஊர் கேட்கச் சொல்வதில்லை. இஞ்சேருங்கோ என்பாள், பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்பா என்பாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "தவராசா, திரும்பி வா. தவராசா, கேட்குதோ?" கரையில் நின்ற பொம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்தது. நான் பற்றரி வயரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அது விடாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

பதினொன்று இருபதுக்குத் தூரத்தில் ரோந்துப் படகு ஒன்று அவனுடைய வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போவது தெரிந்தது. வள்ளத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று அங்கிருந்து தெரியவில்லை. அப்போதுதான் அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.

அன்று பின்னேரம்தான் ஆள் உயிரோடு இருக்கிறது, விசாரணைக்கு வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். புவனேஸ்வரி ஒவ்வொரு நாளும் டவுனுக்கு வந்து முகாம் வாசலில் நிற்பாள். நான் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் கூடப் போய் நின்றேன். உதவி செய்யப் போனேன் என்று சொல்ல மாட்டேன், கடையில் இருக்க மனம் வரவில்லை. ஒரு வார்த்தைகூட அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பல்பைப் பற்றிச் சொன்னேனே என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திரும்பச் சுற்றினேன். இருநூற்று ஐம்பது வந்தாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டாத மாதிரி. பக்கத்தில் பற்றரிக்கு ஒரு வாசலும் வைத்தேன். உங்களுக்குத் தொழிலாகச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். சுவரில் வோல்ற்றேஜ் குறைவாக இருந்தால் முதலில் ஏன் என்று கேளுங்கள். அதை மீற்றரிடம் கேட்காதீர்கள், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். அந்த லைன் என்றைக்காவது தரக்கூடிய ஆகக் கூடிய வோல்ற்றுக்குப் பெட்டியைச் செய்யுங்கள், இன்றைக்குத் தருகிற வோல்ற்றுக்குச் செய்யாதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் தவராசாவை விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தான். கதிரையில் இருந்து எழும்பிக் கை தந்தான். குசினியில் புவனேஸ்வரி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் சும்மா கதைத்துவிட்டு, எனக்கு மனதில் அரித்ததைக் கேட்டேன். "மற்ற ஆக்களுக்கெல்லாம் கேட்டதே, உமக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை. நான் அந்த நேரம் கனதூரம் வெளியில."

"அவ்வளவு தூரம் ஏன் போனனீர்?"

"பத்து மணிக்கு நான்தான் கரைக்கு ஆகக் கிட்ட நிண்டனான். கொட்டில் தெரியுது, ஆக்கள் தெரியினம். வலையை எடுத்துக்கொண்டு வர வெளிக்கிட்டனான். அப்பதான் கரையில வெடிச் சத்தம் ஒண்டு கேட்டது. பாத்தால் துவக்கோட ஓடுறாங்கள், சனத்தை நிலத்தில இருத்துறாங்கள். பிறகு சனம் முழுக்க நாலா பக்கமும் ஓடுது. ஊரில ஏதோ நடந்திட்டுது, இந்த நேரம் கரைக்குப் போனால் என்னையும் பிடிப்பாங்கள் எண்டு வெளிய இழுத்திட்டன்."

ஓடுங்கோ, நடக்காதேங்கோ என்று கத்தியது நான். அது வெடி இல்லை, என் பெட்டி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.   தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிட்டேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கடையைத் திறக்காமல் நேரே சல்லிக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். அந்தச் சத்தம் பெட்டியின் சத்தம் என்றும், பெட்டி வெடித்தது என் பிழை என்றும், புவனேஸ்வரி முதல் நாளே எனக்குச் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும், சனத்தை ஓடச் சொன்னதும் நான்தான் என்றும். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

தவராசா தலையை ஆட்டினான். "தெரியும் அண்ணை. வந்த அண்டைக்கே இவ எல்லாம் சொன்னவ."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் புவனேஸ்வரியைப் பார்த்தான். அவள்தான் மறுமொழி சொன்னாள். "நீங்கள் திரும்பி வந்து சொல்லுவீங்கள் எண்டு இவர் சொன்னவர். நான்தான், வரமாட்டீங்கள் எண்டு சொன்னனான்."

உள்ளே வந்து இருக்கச் சொன்னார்கள். நான் போய் இருந்தேன்.